நிலநடுக்கமும் காசும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நிலநடுக்கத்தில் அதிகம் சாவது ஏழை நாட்டு மக்கள்தான் என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. 2011-இல் ஜப்பானில் ஏறக்குறைய 18,000 பேர் இறந்தார்களே, அவர்களிடம் இல்லாத பணமா? பூமி ஆடினால் மாளிகையும் குடிசையும் ஒன்றுதான். இன்னொன்று, சென்னையில் நான் இருப்பது கீழே முழுக்க கார் பார்க்கிங் விட்டு மேலே நாலு மாடி எழுப்பிய குடியிருப்பு. பயப்பட வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குடிசை என்றீர்கள் பாருங்கள், அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். ஓலைக் குடிசை விழுந்து ஊரே செத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கொல்வது அரைக்காசில் கட்டிய கான்கிரீட்.

ஜப்பானில் ஆடிய நிலநடுக்கத்தின் அளவு 9.0. இறந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் சுனாமியில் மூழ்கியவர்கள். கடலிடம் ஜப்பானின் பணம் தோற்றது, சரி, அது உண்மைதான். கட்டடங்கள் பெரும்பாலும் நின்றன.

நான் மனதில் வைத்து எழுதியது 2010-ஐ. ஜனவரி 12-இல் ஹைட்டியில் 7.0, பிப்ரவரி 27-இல் சிலியில் 8.8. வெளிப்பட்ட ஆற்றலில் சிலியுடையது ஏறக்குறைய 500 மடங்கு. சிலியில் இறந்தவர்கள் 500-ஐச் சற்றுத் தாண்டும். ஹைட்டியில் மிகக் குறைந்த மதிப்பீடே நாற்பதாயிரத்துக்கு மேல், அந்த நாட்டு அரசு சொன்னது மூன்று லட்சத்துக்கு மேல். இந்தக் கணக்கை எடுத்து வீசுகிறவர்கள் (நானும்தான்) விட்டுவிடும் ஒன்று உண்டு. ஹைட்டியில் ஆடியது தலைநகரத்திலிருந்து 25 கிலோமீட்டர் தூரத்தில், ஆழமும் குறைவு, சிலியில் ஆடியதோ கரையைத் தள்ளிக் கடலுக்கடியில். ஆனாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்குத் தூரம் மட்டும் காரணமாக முடியாது.

ஹைட்டிக்காரர்களுக்கு விஷயம் தெரியாமலும் இல்லை. 1770-இல் போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரம் தரைமட்டமானதும் மரச்சட்டம் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்று அன்றைய பிரெஞ்சு நிர்வாகம் உத்தரவு போட்டது. பிற்காலத்தில் தீக்கும் புயலுக்கும் பயந்து ஊர் கான்கிரீட்டுக்கு மாறியது. புயலில் பறக்காமலிருக்கக் கனமான கூரை, அதைத் தாங்க சிமென்ட்டைக் குறைத்து வார்த்த கற்களும் ஒல்லிக் கம்பியும், கையில் காசு வரும்போது நாலு கல், அடுத்த வருஷம் ஒரு சுவர். புயலைத் தாங்கிய அந்தக் கூரைதான் 2010-இல் தலையில் இறங்கியது. பழைய மரவீடுகள் பல விரிசலோடு நின்றுவிட்டன. சுதந்திரம் பெற்றதற்கு அபராதம் மாதிரி 1825-இல் பிரான்ஸ் தலையில் கட்டிய கடனைப் பல தலைமுறை அடைத்த நாடு அது. கட்டடத்தைச் சோதிக்க ஆள் போட அங்கே எது காசு?

சிலி ஜப்பான் மாதிரி பெரும் பணக்கார நாடல்ல. ஆனால் 1960-இல் 9.5 வாங்கிய நாடு. அங்கே கட்டி விற்றவர் கட்டமைப்புக் கோளாறுக்குப் பத்து வருஷம் பொறுப்பு என்று சட்டம் இருக்கிறது. 2010-இல் கான்செப்சியோன் நகரில் ஒரு புது 15 மாடிக் குடியிருப்பு சாய்ந்து எட்டுப் பேர் இறந்தார்கள், உடனே வழக்கு.

எங்கள் வீடு கட்டும்போது நடந்ததைச் சொல்கிறேன். தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனையைக் கம்பி கட்டுபவர் 90 டிகிரியில் மடக்கிக்கொண்டிருந்தார். 135 டிகிரிக்கு மடக்கி உள்ளே திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டத்தில் ரிங்குக்கு வெளியே உள்ள கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாய் பிளந்துவிடும், தூண் பிதுங்கும். சொன்னேன். "கான்கிரீட் ஊத்தினப்புறம் யார் சார் பாக்கப் போறா?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கான்கிரீட் ஊற்றும் முன்னால் வந்து பார்க்க ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து, லஞ்சம் வாங்காமலும் வைத்திருக்கிற நாட்டைத்தான் நான் பணக்கார நாடு என்றேன். வெறும் பணம் போதுமென்றால் 2023-இல் துருக்கியில் 50,000 பேருக்கு மேல் செத்திருக்க மாட்டார்கள். விதிமீறிய கட்டடங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு மன்னிப்பு வழங்கிய நாடு அது.

உங்கள் குடியிருப்புக்கு வருகிறேன். 2001-இல் குஜராத்தின் பூஜ் ஆடியபோது 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் விழுந்தவற்றில் பல உங்களுடையது மாதிரி கீழே பார்க்கிங் விட்டவைதான். மேல்மாடிகளில் சுவர் இருக்கிறது, கீழே தூண் மட்டும், அதனால் ஆட்டம் முழுக்கக் கீழ்த்தளத்தில் இறங்கும். அதன் பிறகு 2002-இல் நிலநடுக்க ஆபத்தைக் காட்டும் வரைபடத்தில் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து நடுத்தர ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றினார்கள். குஜராத் அளவு ஆபத்து இங்கே இல்லை, தூக்கம் கெட வேண்டாம். ஆனால் அடுத்த சங்கக் கூட்டத்தில் பெயின்ட் செலவைப் பேசி முடித்ததும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டிவந்து தூண்களைக் காட்டச் சொல்லுங்கள். சில தூண்களுக்கிடையில் சுவரோ இரும்புச் சட்டமோ கொடுத்தாலே பலம் கூடும், இரண்டு கார் நிறுத்துமிடம் போகும். சண்டை அதற்குத்தான் வரும்.

என் வீட்டு ரிங்குகளில் பாதியை அந்தக் கம்பி கட்டுபவர் மறுபடி மடக்கித் தந்தார். மீதிப் பாதி நான் சாப்பிடப் போன நேரத்தில் தூணுக்குள் போய்விட்டது.