கடல் நீரை உள்ளே தள்ளுவது: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடலடி எண்ணெய் வயல்களில் எண்ணெயை வெளியேற்ற நீரைச் செலுத்துகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சுற்றிலும் கடல், நீருக்கா பஞ்சம்? பம்பை வைத்து முடிந்த மட்டும் தள்ளினால் எண்ணெய் முழுவதும் வந்துவிடாதா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வராது. எண்ணெய் அங்கே குளம்போலத் தேங்கியிருப்பதில்லை, பாறையின் நுண்துளைகளுக்குள் இருக்கிறது. நீர் எளிதில் ஓடக்கூடிய அடுக்கைப் பிடித்துக்கொண்டு நேராக உற்பத்திக் கிணற்றுக்குப் போய்விடும். மற்ற அடுக்குகளில் எண்ணெய் அப்படியே நிற்கும். அப்புறம் கிணற்றிலிருந்து நீங்கள் விட்ட நீரேதான் வரும்.

அதனால் எடுத்த எண்ணெயின் அளவுக்கு ஈடாகவே நீரை விடுகிறார்கள். அந்தக் கணக்கையும் மேலே வந்த பீப்பாய்களை எண்ணிப் போட முடியாது. அழுத்தம் குறைந்து வாயு பிரிந்ததும் எண்ணெய் சுருங்கிவிடும். பூமிக்கடியில் அது அடைத்திருந்த இடம் இன்னும் பெரியது. அளவுக்கு மீறி அழுத்தினால் மேலுள்ள பாறை பிளக்கும். 2008இல் நார்வேயின் டோர்டிஸ் வயலில் அப்படித்தான் பாறை பிளந்து, உள்ளே விட்ட எண்ணெய் கலந்த நீர் கடலடியில் பள்ளம் பறித்துக்கொண்டு வெளியே வந்தது.

கடல் நீரையும் அப்படியே விட முடியாது. ஆக்ஸிஜனை நீக்காவிட்டால் குழாய்கள் அரிக்கும். அதிலுள்ள சல்ஃபேட், பாறைநீரில் பேரியம் இருந்தால் அதனுடன் சேர்ந்து கல்லாகிக் கிணற்றை அடைக்கும். சில பாக்டீரியாக்கள் அதே சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சுவாயுவாக மாற்றும். ஆகவே பல வயல்களில் சவ்வுகள் வழியே சல்ஃபேட்டை வடிகட்டிவிட்டுத்தான் செலுத்துகிறார்கள்.

எனக்கு மிகவும் சுவையாகப் படுவது வட கடலின் எக்கோஃபிஸ்க் வயல். 1971இல் உற்பத்தி தொடங்கியது. அங்கே பாறை சாக் என்ற மென்மையான சுண்ணாம்புப் பாறை. எண்ணெய் வெளியேறி அழுத்தம் குறையக் குறையப் பாறை நசுங்கியது. 1984இல்தான் கடல்தரையே தாழ்ந்திருப்பதைக் கவனித்தார்கள். 1987இல் கடலில் நின்ற எண்ணெய் எடுக்கும் மேடைகளை 6 மீட்டர் உயர்த்தினார்கள், அந்த ஆண்டே பெரிய அளவில் நீர் செலுத்தவும் தொடங்கினார்கள். சரி, அழுத்தம் மீண்டது. ஆனால் தரை இறங்குவது நிற்கவில்லை, கடல் நீர் பட்டதும் சாக் இன்னும் பலவீனமாகிவிடுகிறது! வேடிக்கை என்னவென்றால், அந்த நசுங்கலும் கொஞ்சம் எண்ணெயைப் பிழிந்து கொடுத்தது.

'முழுவதும்' என்று கேட்டீர்கள். எக்கோஃபிஸ்கில் முதலில் எதிர்பார்த்தது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இத்தனை ஆண்டு நீர் செலுத்தியபின் இப்போதைய கணிப்பு ஏறக்குறைய பாதி.

அன்புடன்,
ஆசிரியர்