தம்பியின் விரல் வேர்த்ததற்கு என்ன அர்த்தம்?

வணக்கம் ஐயா,

என் தம்பி ஹெராயினை விட்டு ஒன்றரை வருடமாகிறது. போன மாதம் ஓர் ஆய்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். விரலில் கம்பி ஒட்டி, கணினியில் படங்களைக் காட்டி, ஆசை எவ்வளவு என்று பத்துக்கு மார்க் போடச் சொன்னார்களாம். அவன் போட்டது இரண்டு. விரல் மட்டும் நன்றாக வேர்த்ததாம். அதிலிருந்து அப்பா அவனை நம்புவதில்லை. அம்மா அலுமினியத் தாளை எடுத்தாலே அடுப்படியை விட்டு வெளியே போகிறான், அப்பா அதையும் சேர்த்துச் சொல்கிறார். தம்பி பொய் சொல்கிறானா?

வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. இதை முதலில் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம்.

அது பொய்யைப் பிடிக்கும் சோதனை அல்ல. போதைப்பொருள் படத்தைப் பார்க்கும்போது வரும் மாற்றத்தையும், சாதாரண நாற்காலி படத்தைப் பார்க்கும்போது வருவதையும் வைத்து வித்தியாசத்தைக் கணக்கிடுகிறார்கள். வேர்வை, இதயத்துடிப்பு ஒரு கணக்கு, அவன் போடும் மார்க் வேறு கணக்கு, இரண்டும் ஒத்துப்போயே ஆகவேண்டும் என்றில்லை. கார்ட்டர், டிஃபனி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1999இல் இப்படிப்பட்ட 41 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், ஆட்கள் சொன்ன ஆசையில்தான் பெரிய ஏற்றம் தெரிந்தது, உடம்பில் தெரிந்த மாற்றம் அதைவிடச் சின்னது. அதோடு, விரல் வேர்க்க பயமும் போதும், வெட்கமும் போதும். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்து தன் பழைய வாழ்க்கையைத் திரையில் பார்த்தவன் அவன்.

அலுமினியத் தாளுக்கு வருகிறேன். ஹெராயின் தூளை அந்தத் தாளில் வைத்து, அடியில் லைட்டரைக் காட்டி, எழும் புகையை இழுப்பார்கள். தாள் கசங்கும் சத்தத்துக்கு அடுத்து என்ன வரும் என்று உடம்பு எத்தனையோ தடவை படித்திருக்கிறது. அவன் முடிவெடுத்துப் படித்ததல்ல, ஆகவே முடிவெடுத்து மறக்கவும் முடியாது. எழுந்து வெளியே போவது மட்டும்தான் அவன் கையில் இருக்கிறது, அதை அவன் ஒழுங்காகச் செய்கிறான், அதைப் போய்க் குற்றமாக எண்ணுவதுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது.

நாளானால் தானாக அடங்கிவிடும் என்றும் இருந்துவிடாதீர்கள். கொக்கேய்னை நிறுத்திய எலிகளிடம், போதையை நினைவூட்டும் தூண்டுதலைக் கண்டால் எழும் வேட்கை முதல் இரண்டு மாதங்களில் கூடிக்கொண்டே போனதை 2001இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியிட்டார்கள். மனிதன் எலியல்ல, சரி, ஆனாலும் எச்சரிக்கைக்கு அது போதும். மருத்துவர் அறையில் அதே படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டினால் அங்கே வேகம் தணியலாம். ஃபிளாட் படிக்கட்டில் பழைய கூட்டாளி நிற்கும்போதும் அது தாங்கும் என்று நம்ப முடியாது.

அதனால் தம்பியையே கேளுங்கள். சம்பள நாளா, கையில் ரொக்கமா, எந்தத் தெரு, எந்த நேரம்? சொல்லும்போது முகத்தைச் சுளிக்காமல் கேளுங்கள். சம்பளத்தைக் கொஞ்ச நாள் நீங்கள் வாங்கி வைக்க வேண்டும் என்று அவனே கேட்டால் வாங்கி வையுங்கள். சாப்பாடு கட்ட மூடி போட்ட டப்பா போதும், அந்தத் தாள் வீட்டுக்கு வேண்டாம். மெத்தடோன் எடுக்கிறான் என்றால், ஹெராயினுக்குப் பதிலாக 2005 முதல் மலேசியாவில் கொடுத்துவரும் மருந்து அது, 'அதுவும் போதைதானே' என்று யாரும் நிறுத்தச் சொல்லக்கூடாது, அவனும் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும்.

ஆய்வு முடிவுத் தாள் உங்கள் வீட்டில் இருந்தால் தம்பியிடமே கொடுத்துவிடுங்கள். அதைப் பார்க்க வேண்டியவர்கள் அவனும் அவன் மருத்துவரும்தான்.