வாத்தியார் வார்டில் நிற்கலாமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

கடலூரிலிருந்து எழுதுகிறேன். ஒரு தனியார் சட்டக் கல்லூரியில் ஆறு வருடமாக அரசியலமைப்புச் சட்டம் நடத்துகிறேன். அடுத்த மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் நிற்கச் சொல்லிக் கட்சிக்காரர்கள் இரண்டு முறை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எனக்கும் ஆசை இருக்கிறது. வீட்டில், "வாத்தியாருக்கு எதுக்கு இந்த வேலை?" என்கிறார்கள். சக பேராசிரியர் ஒருவரோ, "கட்சித் துண்டு போட்டவன் சொல்ற சட்டத்தை எந்தப் பையன் நம்புவான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. உங்களுக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் ஒருவர் 2006 புதுச்சேரி நகராட்சித் தேர்தலில் நின்று தோற்றதை முன்பு ஒரு வரியில் சொல்லியிருந்தீர்கள். அதற்காக அவர் வருத்தப்பட்டாரா?

ஒரு வாசகர், மஞ்சக்குப்பம்
(பெயர் வேண்டாமே)

அன்புள்ள நண்பருக்கு,

வருத்தப்பட்டார். டெபாசிட் போனதற்காக இல்லை, அவருடைய தேர்தல் நோட்டீஸில் ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போனதற்காக. அதை எங்கள் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் மட்டும் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

சார் முழுநேர ஆசிரியர் கிடையாது. காலையில் கோர்ட்டு, சாயங்காலம் வகுப்பு. வழக்கறிஞர்கள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம் என்ற 1979 விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். அவருடைய வாத்தியார் வாழ்க்கை முழுக்க அந்த மூன்று மணி நேரத்துக்குள் நடந்தது. அரசு வேலையில் இருந்திருந்தால் தேர்தலைக் கனவிலும் நினைத்திருக்க முடியாது. 1964-ஆம் வருடத்து மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் ஐந்தாவது விதியைப் பாருங்கள். கட்சியில் சேரக் கூடாது, பிரச்சாரம் கூடாது. ஓட்டுப் போடலாம், ஆனால் யாருக்குப் போட்டோம், போடப்போகிறோம் என்று சாடைகூடக் காட்டக் கூடாது. புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கும் அதே விதிதான். இதை நடத்தும்போது சார் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, "இப்படி இருக்கணும்" என்பார். வகுப்பே சிரிக்கும்.

உங்கள் சக பேராசிரியரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். 1935-இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரானார் அம்பேத்கர். 1936 ஆகஸ்டில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1937 தேர்தலில் நின்று ஜெயித்து பம்பாய் சட்டசபைக்குப் போனார். கல்லூரி முதல்வர் நாற்காலியை விடாமலேயேதான். அந்தக் கல்லூரிப் பையன்கள் அவர் சொன்ன சட்டத்தை நம்பாமலா போனார்கள்? எங்கள் காலாப்பட்டு அரசு சட்டக் கல்லூரிக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே சம்பளம் வாங்கும் ஆசிரியர் யாரும் அவர் செய்ததை இன்று செய்ய முடியாது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

சரி, சார் எப்படி இதில் இறங்கினார் என்று சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், நகராட்சிகளைப் பற்றிய 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை நடத்திக்கொண்டிருந்தார். 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது, பிரிவு 243 யு, நகராட்சியின் ஆயுள் ஐந்து வருடம், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை, அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "நம்ம ஊர்ல எப்ப சார் நடந்துச்சு?" என்று கேட்டான். புதுச்சேரியில் கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 1968-இல். வகுப்பில் இருந்த ஒருவர்கூட அப்போது பிறந்திருக்கவில்லை. சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

மறுநாள் கீழூரைப் பற்றிப் பேசினார். வில்லியனூர் தாண்டி இருக்கிற சின்ன ஊர். 1954 அக்டோபர் 18 அன்று அங்கே 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த 178 பேரில் நகரசபை, கொம்யூன் உறுப்பினர்கள்தான் அதிகம். "கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டுத்தான்யா இந்த ஊர் இந்தியாவுக்கு வந்துச்சு. வந்தப்புறம் கவுன்சிலரையே காணோம்" என்றார். பிரெஞ்சுக்காரன் 1880-லேயே இங்கே நகரசபைகளை ஏற்படுத்தியிருந்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்று முதல் சாயங்கால வகுப்பு முடிந்ததும் முத்தியால்பேட்டையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். சாக்கடை, தெருவிளக்கு, வீட்டுவரி, எது பற்றியானாலும் மனுவை எடுத்துக்கொண்டு வரலாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிரதி எடுப்பேன். ஒரு அம்மாவின் மனு இன்னும் கண்ணில் நிற்கிறது. "மாண்புமிகு, மேன்மை தங்கிய, தங்கள் பொற்பாதம் பணிந்து" என்று ஆறு வரி, அப்புறம் "சாக்கடை நாறுகிறது, தாங்க முடியவில்லை" என்று ஒரே வரி. சார் சிவப்பு மையால் அந்த ஆறு வரியையும் அடித்தார். அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினார். எந்த வீட்டு எதிரில் ஆரம்பிக்கிறது? எத்தனை அடி? எந்த மாசத்திலிருந்து? யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார்? எல்லாம் எழுதி முடித்ததும் ஒன்றரைப் பக்கம் வந்தது. கடைசியில் நகராட்சிச் சட்டத்தின் பிரிவு எண். "இப்ப இதுக்கு பதில் எழுதியே ஆகணும். பொற்பாதத்துக்கு யாரும் பதில் எழுத மாட்டாங்க" என்றார். அரசியலமைப்புச் சட்டத்தை நான் கற்றுக்கொண்டது வகுப்பில் பாதி, அந்த பெஞ்சில் பாதி.

கோர்ட்டு சொன்ன பிறகு 2006-இல், 38 வருடம் கழித்துத் தேர்தல் வந்தது. சார் சுயேச்சையாக நின்றார். மனு எழுதி வாங்கிப் போனவர்களே ஓட்டுப் போட்டிருந்தால் கரையேறியிருப்பார். போடவில்லை.

அவர் தோற்றதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஜெயித்தவர் வார்டில் ஒரு சாவு விடாமல் போனவர். பாடைக்கு மூங்கில் வாங்குவதிலிருந்து கருமாதிக்குப் பந்தல் போடுவது வரை நின்று பார்ப்பார். சார் கல்யாணத்துக்கே போக மாட்டார், நேரம் வீண் என்பார். பிரச்சாரத்துக்குப் போன வீட்டில், "குழாயில தண்ணி வரலை" என்று சொன்னவரிடம் அது எந்தத் துறையின் பொறுப்பு என்று கால் மணி நேரம் விளக்கிவிட்டு, ஓட்டுக் கேட்க மறந்து திரும்பி வந்தவர் அவர். சொன்னது அத்தனையும் சரி. வீட்டுக்காரர் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

அந்த நகராட்சியின் காலம் 2011-இல் முடிந்தது. அப்புறம் தேர்தல் இல்லை. 2021-இல் அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் கோர்ட்டுக்குப் போய் நின்றுவிட்டது. கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காலத்து மேயர் கட்டடமான மேரி, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததல்லவா? அதைப் பழைய மாதிரியே கட்டித் திறந்ததும் அதே 2021-இல்தான். சார் ஒருமுறை அதன் எதிரில் நின்று நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். "உள்ள உக்கார ஆள் மட்டும் பாக்கி" என்றார்.

உங்கள் ஊர் நிலைமை தேவலை. தமிழ்நாட்டிலும் 2016-க்குப் பிறகு நகர்ப்புறத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலர்கள் இல்லாமல்தான் கிடந்தது. இருந்தாலும் 2022 பிப்ரவரியில் கடலூருக்கு 45 வார்டுக்கும் தேர்தல் நடந்தது. புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டினால் தெருவிளக்குக்குக் கேட்க ஒரு மனிதர் இருக்கிறார். முள்ளோடைக்கு இந்தப் பக்கம் அதிகாரிதான்.

நில்லுங்கள் என்றுதான் சொல்வேன். கட்சித் துண்டை வகுப்புக்கு வெளியே மாட்டிவிட்டு வருவது பெரிய வித்தையில்லை. நீங்கள் எந்தக் கட்சி என்று பையன்களுக்கு முன்பே தெரியும். மறைத்தால்தான் சந்தேகப்படுவார்கள். உங்கள் கட்சியின் அரசு தோற்ற வழக்கையும் அதே குரலில் நடத்துகிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். எனக்குக் கவலை வேறு. சாவு வீடு. இப்போதிருந்தே போகப் பழகுங்கள். போன இடத்தில் சட்டம் பேசாதீர்கள்.

முழுநேரச் சம்பளம் வாங்குவதால் வக்கீல் பதிவை நிறுத்தி வைத்திருப்பீர்கள். வேலை போனால் திரும்பிப் போக கோர்ட்டு உடனே கைகொடுக்காது, மறுபடி பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதனால் கட்சிக்காரர்கள் மூன்றாவது முறை வருவதற்குள் கல்லூரி கொடுத்த நியமன உத்தரவை எடுத்துப் படித்துவிடுங்கள். தேர்தலில் நிற்கக் கூடாது என்ற மாதிரி நிபந்தனை இருந்தால், அதைப் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.