பன்றி, மாடு சாப்பிடாதவர்கள் வியட்நாமிய பேக்கரியில் என்ன வாங்கலாம்?

மெல்பர்னுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள் போல. தெருமுனையில் வியட்நாமிய பேக்கரி, வீட்டில் பன்றியும் மாடும் ஆகாது, உள்ளே போகலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். என்னைப் போல் மட்டும் போகாதீர்கள்.

சன்ஷைன் பக்கம் குடிவந்த முதல் வாரம். கண்ணாடிப் பெட்டிக்குள் முட்டை பூசிப் பளபளவென்று ஒரு பப்ஸ். நம்மூர் பப்ஸ் சதுரம், இது உள்ளங்கை அளவு வட்டம், அவ்வளவுதான் வித்தியாசம் என்று இரண்டு வாங்கினேன். சட்டையெல்லாம் துகள் உதிர, காரிலேயே முடித்தாயிற்று. உள்ளே மிளகு மணக்கும் கொத்துக்கறி. கோழி என்று நினைத்தேன். மூன்று மாதம், சனிக்கிழமை தோறும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். பெயரட்டையைச் சத்தமாகப் படித்தது, அப்போதுதான் எழுத்துக்கூட்டப் பழகியிருந்த என் மகள். "பி, ஓ, ஆர், கே..."

அதன் பெயர் பாத்தே சோ, பிரெஞ்சிலிருந்து வந்த சொல். 1859இல் சைகோனைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ரொட்டியையும் பப்ஸையும் வியட்நாமியர்கள் தங்கள் நாக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். 1975க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் இங்கே கடை போட்டார்கள். அதே பெட்டியில், சாக்லேட்டில் முக்கித் தேங்காய்த் துருவலில் புரட்டிய ஆஸ்திரேலிய கேக்கான லாமிங்டனும் இருக்கும்.

சரி, உங்கள் விஷயம். நீள ரொட்டியைக் கீறி உள்ளே கறியும் காயும் வைத்துத் தருவதுதான் ரோல். கீறியதும் இரண்டு தடவுவார்கள். மஞ்சளாக இருப்பது முட்டை மயோனைஸ். பழுப்பாக இருப்பது பாத்தே, ஈரல் விழுது, பெரும்பாலும் பன்றி. சிக்கன் ரோல் கேட்டாலும் தடவிவிடுவார்கள். கத்தி ரொட்டியைத் தொடும் முன்பே "நோ பாத்தே" என்று சொல்லிவிடுங்கள். சைவத்துக்கு அவர்கள் சொல் 'சாய்'. பயப்படாதீர்கள், டீ வராது, டோஃபு என்கிற சோயா பனீர் வரும். கேரட் முள்ளங்கி ஊறலும் கொத்தமல்லியும் மிளகாயும் எல்லா ரோலிலும் உண்டு. இனிப்பு வேண்டுமென்றால் சூ கெம், உள்ளே கஸ்டர்ட். முட்டை சேரும்.

கத்தியில் ஒட்டியிருக்காதா, ஹலாலா என்று கீழே சண்டைக்கு வருவீர்கள், தெரியும். அவ்வளவு பார்ப்பவர்கள் வெறும் ரொட்டி வாங்குங்கள். அன்றைக்கே தின்றுவிட வேண்டும். மிஞ்சினால் மறுநாள் தண்ணீர் தெளித்து ஓவனில் ஐந்து நிமிடம்.

நம்ம ஆட்கள் கடைக்குப் போனால் என்ன என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். போனேன். முந்தாநாள் முட்டை பப்ஸை மைக்ரோவேவில் வைத்து ஈரத்துணி மாதிரி எடுத்துக் கொடுத்தார். கேட்டதற்கு, "ஊர்லயும் இப்படித்தானே சார்." எந்த ஊரில்? அதுவும் ரசீது கிடையாது, கார்டு கிடையாது. என் கொத்துமல்லிக் கட்டு அழுகியிருந்ததைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

வியட்நாமிய மொழியில் அக்காவைக் கூப்பிடுவது 'ச்சி ஓய்'. ஆசையாகக் கற்றுக்கொண்டு கடையில் கூப்பிட்டதும், யாரையோ திட்டுகிறேன் என்று என் மனைவி காலை மிதித்தாள். அந்த அக்கா சிரித்துவிட்டார். இப்போது என்னைக் கண்டதுமே பாத்தே டப்பாவைத் தள்ளி வைத்துவிடுகிறார்.

பாத்தே சோவை அப்புறம் விட்டுவிட்டாயா என்று மட்டும் கேட்காதீர்கள். என் மனைவியும் இந்தத் தளத்தில் இருக்கிறாள்.