குளிசை முழங்காலைத் தேடிப் போகுமா?

கேள்வி: டொக்டர், அம்மாவுக்கு 66 வயது. இரண்டு முழங்காலும் வலி. பார்மசியில் வாங்கிய டைக்ளோபினாக் குளிசையை மூன்று கிழமையாகக் குடிக்கிறா. இப்போது வயிறு எரிகிறதாம். பின்பக்கத்தால் வைக்கிற குளிசை வயிற்றுக்குள் போகாது, நேரே வலிக்கிற இடத்துக்குப் போய்விடும் என்று பக்கத்து வீட்டு மாமி சொல்கிறா. வைக்கலாமா? அம்மாவுக்குப் பிரஷரும் இருக்கிறது.
– ஒரு மகள், நிலாவெளி

பதில்: வைக்க வேண்டாம் மகள். குடிக்கிற குளிசையையும் இன்றோடு நிறுத்துங்கள்.

மாமி சொன்னதைப் பலரும் நம்புகிறார்கள். ஆனால் வலி எங்கே என்று மருந்துக்குத் தெரியாது. வாயால் குடித்தாலும், ஊசியாக ஏற்றினாலும், பின்பக்கத்தால் வைத்தாலும் அது இரத்தத்தில்தான் கலக்கிறது. நாம் சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தத்தை இதயம் தள்ளுகிறது. அதோடு சேர்ந்து மருந்தும் முழங்கால், வயிறு, சிறுநீரகம் என்று எல்லா இடமும் போய்விடும்.

வீங்கிய மூட்டில் புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து வலியைக் கூட்டுகிறது. டைக்ளோபினாக் அதைச் சுரக்கவிடாமல் தடுப்பதால் வலி குறைகிறது. அதே பொருள்தான் வயிற்றின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காக்கிறது, சிறுநீரகத்துக்கு இரத்தம் சீராகப் போகவும் உதவுகிறது. அங்கேயும் அது குறைந்துபோனால் வயிறு புண்ணாகும், உப்பும் நீரும் உடம்பில் தேங்கிப் பிரஷர் ஏறும். எந்த வழியால் மருந்து உள்ளே போனாலும் இந்தக் கெடுதல் உண்டு.

மாமியின் பேச்சில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. வீங்கிய மூட்டின் நீரில் டைக்ளோபினாக் இரத்தத்தில் குறைந்த பிறகும் சில மணி நேரம் தங்கி நிற்கும். அதற்காக மற்ற உறுப்புகளைத் தொடாமல் போவதில்லை.

அப்போ வலிக்கிற இடத்திலேயே மருந்தை நிறுத்த வழியில்லையா? இருக்கிறது. அதே டைக்ளோபினாக் ஜெல்லாகக் கிடைக்கிறது. முழங்கால் தோலுக்குக் கிட்டவே இருக்கிற மூட்டு, அதனால் பூசினால் மருந்து தோலைக் கடந்து மூட்டுப் பக்கம் இறங்கும். ஒரு முழங்காலில் பூசும்போது இரத்தத்தில் சேர்வது, குளிசையால் சேர்வதில் 100க்கு 6 பங்கு அளவுதான். முழங்கால் தேய்வுக்கு நான் முதலில் எழுதுவதும் இதைத்தான். புண் இல்லாத தோலில், பெட்டியில் சொல்லியிருக்கிற அளவுக்குப் பூசி, கையைக் கழுவச் சொல்லுங்கள். ஒரே நாளில் பலன் தெரியாது, ஒரு கிழமையாவது பொறுங்கள்.

கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வாளி வாளியாக ஊற்றினால் கால் லேசாகிறது என்று நம்மூர் அம்மாமார் சொல்வார்கள். அது சரிதான். சூடு ஊற்றின இடத்திலேயே வேலை செய்கிறது, வயிற்றைத் தொடுவதில்லை. வீட்டில் சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வைத்தாலும் போதும். சீனி வருத்தத்தால் கால் மரத்திருப்பவர்கள் மட்டும் கவனம், சுடுவது தெரியாமல் தோல் வெந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். காய்ச்சலுக்கு இந்தப் பின்பக்கக் குளிசையை வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. டெங்கு என்றால் அது இரத்தப்போக்கை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சலுக்கு அளவான பரசிட்டமோல் மட்டும் போதும்.

அம்மாவுக்கு மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, இரத்தமாக வாந்தி வந்தாலோ பொழுது விடியும்வரை பார்த்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் இந்தக் கிழமைக்குள் ஒரு டொக்டரிடம் காட்டுங்கள், பிரஷர் கிளினிக் கொப்பியையும் மிச்சக் குளிசை மட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு.