கிரிஸ்டலை மாற்றியும் கட்ட இரைச்சல் குறையாதது ஏன்?

பினாங்கு, பாயான் லெப்பாசில் சோதனைக் கருவிகள் வடிவமைக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் அலையியற்றியைக் கொண்டு, 2400 மெகாஹெர்ட்ஸ் அருகே 200 கிலோஹெர்ட்ஸ் படிகளில் நகரும் பிஎல்எல் சிந்தசைசர் (கிரிஸ்டலோடு ஒப்பிட்டுத் தன் அலையைப் பூட்டி வைக்கும் அதிர்வெண் உருவாக்கி) ஒன்றைச் செய்திருக்கிறேன். லூப்பின் (ஒப்பிட்டுத் திருத்தும் சுற்றின்) பட்டையகலம் 15 கிலோஹெர்ட்ஸ். ஊர்தி அலையிலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அளந்தால், கட்ட இரைச்சல் (அலையின் கட்டத்தில் நேரும் தற்செயல் நடுக்கம்) ஹெர்ட்சுக்கு −84 டிபிசி (ஊர்தி அலையோடு ஒப்பிட்ட டெசிபெல்) என வருகிறது. அதே இடைவெளியில் −150 டிபிசி தரக்கூடிய, விலை கூடிய டிசிஎக்ஸ்ஓ (வெப்பநிலை ஈடுசெய்த கிரிஸ்டல் அலையியற்றி) ஒன்றை வாங்கிப் பொருத்தியும் ஒரு டெசிபெல்கூட இறங்கவில்லை. பிழை எங்கே?”

பிழை கிரிஸ்டலில் இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த 200 கிலோஹெர்ட்ஸ் படியில் இருக்கிறது.

லூப்பின் பட்டையகலத்துக்கு உள்ளே வெளியீட்டின் இரைச்சலை நிர்ணயிப்பவை கிரிஸ்டலும், கட்ட ஒப்பீட்டி, சார்ஜ் பம்ப் (ஒப்பீட்டில் கண்ட பிழையை மின்னோட்டமாக்கும் பகுதி) ஆகியவை அடங்கிய சில்லும்தான். அதற்கு வெளியே விசிஓவின் (மின்னழுத்தத்தால் அதிர்வெண் மாறும் அலையியற்றியின்) சொந்த இரைச்சல் தலைதூக்குகிறது. 10 மெகாஹெர்ட்ஸை 2400க்கு உயர்த்தும்போது கிரிஸ்டலின் இரைச்சல் 240இன் மடக்கையை 20ஆல் பெருக்கிய அளவு, அதாவது 47.6 டெசிபெல் கூடுகிறது. ஆகவே உங்கள் டிசிஎக்ஸ்ஓவின் பங்கு வெளியீட்டில் −102.4 மட்டுமே. சில்லின் பங்கு வேறு கணக்கு. அதன் தரவுத்தாளில் உள்ள இயல்பாக்கப்பட்ட இரைச்சல் எண்ணை −220 என்று கொண்டால், அதனுடன் ஒப்பீட்டு அதிர்வெண்ணுக்காக (கட்ட ஒப்பீடு நடக்கும் அதிர்வெண், உங்களிடம் படியின் அளவான 200 கிலோஹெர்ட்ஸ்) 53 டெசிபெல்லையும், வகுப்பெண்ணுக்காக (2400 மெகாஹெர்ட்ஸை 200 கிலோஹெர்ட்ஸால் வகுத்த 12,000) 81.6 டெசிபெல்லையும் கூட்ட வேண்டும், கிடைப்பது −85.4. லூப்பின் விளிம்புக்கு அருகில் விசிஓவின் பங்கும் சற்றே சேர்வதால், நீங்கள் அளந்த −84 வியப்புக்குரியதன்று. சில்லின் இரைச்சல் கிரிஸ்டலின் இரைச்சலைவிட 17 டெசிபெல் மேலே நிற்கும்போது, எத்தனை ரிங்கிட் கொடுத்து எந்தக் கிரிஸ்டலை வாங்கினாலும் திரையில் மாற்றம் தெரியாது.

வகுப்பெண்ணைக் குறைப்பதே வழி. முழுஎண் வகுப்பு முறையில் படியின் அளவும் ஒப்பீட்டு அதிர்வெண்ணும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். வகுப்பெண் பின்னமாகவும் இருக்கக்கூடிய பின்ன வகுப்பு முறையில் அந்தக் கட்டாயம் இல்லை. அத்தகைய சில்லுக்கு மாறி, ஒப்பீட்டை 10 மெகாஹெர்ட்ஸில் நடத்தினால், வகுப்பெண் 240 அளவுக்கு இறங்கி, சில்லின் பங்கு −102.4 ஆகும். கிரிஸ்டலும் அதே அளவில் நிற்பதால் இரண்டும் சேர்ந்து −99.4, இந்த நிலையில்தான் உங்கள் டிசிஎக்ஸ்ஓ தன் விலைக்கு வேலை செய்யத் தொடங்கும். சில்லில் உள்ள இரட்டிப்பானைப் பயன்படுத்தி 20 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் மேலும் ஏறக்குறைய 1 டெசிபெல்தான் கிடைக்கும் என்பதால், முதலில் அதை நாட வேண்டியதில்லை.

பின்ன வகுப்புக்கும் ஒரு விலை உண்டு. வெளியீடு ஒப்பீட்டு அதிர்வெண்ணின் முழு மடங்குக்கு மிக அருகில் விழும்போது, அந்த வித்தியாசத்தின் தொலைவில் இருபுறமும் கூரிய கோடுகள் எழும்; உங்கள் கணக்கில் 2400.2 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அவை 200 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். இவை இரைச்சல் அல்ல, தனிக்கோடுகள். மின்வழங்கியின் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் சிற்றலையும் இப்படிக் கோடாகவே தெரியும். இரைச்சலையும் கோட்டையும் குழப்பிக்கொண்டு மின்வழங்கியை முதலில் மாற்றுவோர் பலர். அது வீண் வேலை.

லூப் வடிகட்டியை மறுபடியும் கணக்கிட்டே ஆக வேண்டும். பட்டையகலம் ஒப்பீட்டு அதிர்வெண்ணில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்ற வழக்கமான வரம்பு உங்களை 20 கிலோஹெர்ட்ஸுக்குள் அடைத்து வைத்திருந்தது. இனி அது தடையாக இராது. விசிஓவின் தனி இரைச்சல் வளைகோடும், மேலே கணக்கிட்ட −99.4 மட்டமும் வெட்டிக்கொள்ளும் இடைவெளியில் பட்டையகலத்தை வையுங்கள். கட்ட விளிம்பு (லூப் நிலைகுலையும் எல்லைக்கு எஞ்சியுள்ள கட்டம்) 45 முதல் 60 பாகைக்குள் இருக்கட்டும், குறைந்தால் ஊர்தி அலையின் இருபுறமும் திமில்போல் மேடு எழும். வடிகட்டியின் மின்தடைகளைத் தேவைக்கு மேல் உயர்த்தாதீர்கள். 1 கிலோஓம் மின்தடையின் வெப்ப இரைச்சல் √ஹெர்ட்சுக்கு ஏறத்தாழ 4 நானோவோல்ட். வோல்ட்டுக்கு 50 மெகாஹெர்ட்ஸ் நகரும் விசிஓவில், லூப் அதைத் திருத்த முடியாத 100 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், அது மட்டுமே −117 டிபிசி தந்துவிடும். நல்ல விசிஓவை வாங்கிவிட்டு இதனால் கெடுத்துக்கொள்வது பொதுவாக நடப்பது.

புதிய பலகையை அளக்குமுன் ஸ்பெக்ட்ரம் அனலைசரின் சொந்தக் கட்ட இரைச்சலை அதன் தரவுத்தாளில் பாருங்கள். −84ஐ நம்பகமாகக் காட்டிய கருவி −99ஐயும் காட்டும் என்பதற்கு உறுதியில்லை. சார்ஜ் பம்பின் மின்னோட்டத்தை மாற்றி, ஒப்பீட்டு அதிர்வெண்ணையும் பாதியாக்கிப் பார்த்தும் வாசிப்பு அசையவில்லை என்றால், நீங்கள் அளப்பது சிந்தசைசரை அல்ல, கருவியையே.