பிறர் உடுத்திய துணியைப் போய் ஏன் வாங்குகிறார்கள்? கூச்சமாக இருக்காதா?

கடைசியில் "கூச்சமாக இருக்காதா" என்று சேர்த்தீர்களே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். வீட்டில் யாரோ வாங்கி வந்திருப்பார்கள், நீங்கள் முகம் சுளித்திருப்பீர்கள். சரிதானே?

காசு மிச்சம், அது ஒரு காரணம்தான். சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் என்னை இந்தப் பக்கம் தள்ளியது புத்தம் புதிய ஒரு கருநீலச் சட்டை. முதல் சலவையில் சாயம் இறங்கி, கூட ஊறிய மூன்று வெள்ளைத் துணிகளையும் நாசமாக்கியது. இரண்டாம் சலவையில் கை இரண்டு விரற்கடை ஏறிவிட்டது. கடையில் கேட்டால், "துவைச்சதை மாத்தித் தர மாட்டோம்மா." துவைக்காமல் சாயம் போகுமா என்று எப்படித் தெரியும்?

பழைய துணியில் அந்த வம்பு குறைவு. போகிற சாயம் பெரும்பாலும் போயிருக்கும், சுருங்குகிற நூல் சுருங்கியிருக்கும். உடலுக்குச் சரியாக இருந்தால் அதுதான் அளவு. வெளிச்சத்தில் பிடித்து அக்குள், தொடைப்பகுதி இற்றிருக்கிறதா என்று பார்ப்பேன். எலாஸ்டிக் வைத்ததைத் தொடமாட்டேன், அது பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் தளர்ந்துபோகும். என்னிடம் உள்ள ஒரு பழைய கால்சட்டையில் பின்தையலுக்குள் ஒரு அங்குலத் துணி மடித்து விட்டிருந்தார்கள். நான் பருக்கப் பருக்க இரண்டு முறை பிரித்துத் தைத்தாயிற்று. இப்போது வருகிறவற்றில் பிரிக்க என்ன இருக்கிறது?

"நோய் வரும்" என்று யாராவது கிளம்புவீர்கள். உள்ளாடை நானும் வாங்குவதில்லை. மற்றதை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போட்ட பிறகே போடுகிறேன். சுருக்கம் விழாது என்று விற்கிற புதுச்சட்டைகளில் பலவற்றுக்கு ஃபார்மால்டிஹைட் என்ற வேதிப்பொருள் கலந்த பிசின் பூசுகிறார்கள், சிலருக்கு அது தோலில் அரிப்பைக் கொடுக்கும். புதுசையும் துவைத்துத்தான் போட வேண்டும். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கையும் படித்திருக்கிறேன். அதற்காக வாங்குகிறேன் என்றால் பொய்.

ஒருநாள் அலுவலகத்தில், "அக்கா, துணி என்ன மெத்துனு இருக்கு, எங்க வாங்கினீங்க?" என்று ஒரு பெண் என் சட்டைக் கையைத் தடவினாள். சொன்னேன். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்! விடுதிக் கட்டிலில் எத்தனை பேர் போர்த்திய போர்வை என்று கேட்டுவிட்டா படுக்கிறாள்? புதுசு என்று அவள் வாங்குவதையும் அவளுக்கு முன் எத்தனை பேர் போட்டுப் பார்த்துக் கழற்றினார்களோ. அன்று வாய் வரவில்லை, இங்கே கொட்டுகிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. பெண்கள் கால்சட்டையில் பை மாதிரி ஒரு கோடு மட்டும் தைத்து ஏமாற்றுகிறார்களே, யார் கேட்டார்கள் அதை? அந்தக் கோட்டைத் தைத்த நூலுக்கு ஒரு பையே வைத்திருக்கலாம். நான் இப்போது பழைய துணியிலும் ஆண்கள் பக்கம்தான் முதலில் போகிறேன். கைபேசி முழுசாக உள்ளே போகிறது.